துண்டு போர்த்திய லேப்டாப்

லினக்ஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே, என் மாமா அதை ஒருநாள் தன் லேப்டாப்பில் போடப்போகிறார் என்பதற்காகத்தான். நிலாவுக்குப் போய் வந்தவர்கள், கடலுக்கடியில் சுரங்கம் தோண்டியவர்கள், மூளையைத் திறந்து தைத்து மூடியவர்கள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, மாமா அன்று மத்தியானம் செய்ததை மறு தட்டில் வைத்தால், அத்தனை பேரும் எகிறிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்வார்கள்.

மாமா கேட்டது இது இல்லை. "பெருசா புளுகாம நாலு வரி எழுதிக் குடு வாலு" என்றுதான் சொன்னார். வாலு என்றால் நான்தான். கண் தெரியாதவர்களும் கண் போய்க்கொண்டிருப்பவர்களும் சேர்ந்து ஒரு லினக்ஸ் செய்துகொண்டிருக்கிறார்கள். போட ஆரம்பிக்கிற முதல் திரையிலிருந்தே தமிழில் பேசும். இன்னும் ஆரம்ப நிலைதான். அதற்குப் பெயரைக்கூட முடிவு செய்யாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஆளாக அதைப் போட்டுப் பார்த்தவர்களைப் பற்றி அவர்களுடைய தளத்தில் ஒரு பக்கம் வரப்போகிறதாம். தன்னைப் பற்றித் தானே எழுத மாமாவுக்குக் கூச்சம். பள்ளிக்கூடம் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போன என்னிடம் அந்த வேலை வந்து சேர்ந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, எழுதச் சோம்பல்பட்டு வாயாலேயே பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் கேட்டு அடித்துக் கொடுப்பதுதான் மாமாவின் வேலை. ஒரு டாக்டர் எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவார். ஒருவர் பாதியில் கொட்டாவி விடுவார். இன்னொருவர் பேசும்போது பின்னால் எப்போதும் தண்ணீர் ஓடும். கை கழுவிக்கொண்டே பேசுகிறாரா, குழாயை மூட மறக்கிறாரா என்று எனக்கும் மாமாவுக்கும் தீராத வழக்கு. தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று மாமாவுக்கு முக்கால்வாசி தெரிந்திருக்கும். தலைகீழாகத் தொங்கினாலும் சொல்ல மாட்டார்.

"எதிர் வீட்டுக்காரருக்கு என்ன மாமா? இப்படி இளைச்சுட்டாரு?"

"உடம்பு இளைச்சிருக்கு."

"அது எனக்கே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கறே?"

சின்ன வயதில் மாமாவுக்குத் தட்டுத்தடவி என்று பட்டப்பெயர். விளக்கு மங்கினால் போதும், சுவரில் போய் முட்டுவார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். பெரியவரான பிறகு மேசையின் ஓரத்தில் வைத்த டம்ளர்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. பக்கவாட்டில் நின்று பேசினால் பதில் வராது. கண் டாக்டரிடம் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டர் இரண்டு கண்ணையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்று தோளில் தட்டி அனுப்பினார்.

அடுத்த வாரம் மாமா வழக்கம்போல உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் தரையில் படுத்து அவருடைய நாற்காலிச் சக்கரத்தில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சடசடவென்று மழை மாதிரி விழுந்துகொண்டிருந்த கீபோர்டுச் சத்தம் ஒரு இடத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நூல் விஷயம் தெரிந்துவிட்டதாக நினைத்து நான் மூச்சை அடக்கினேன். மாமா பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். பிறகு அடித்தார். முன்னைவிட மெதுவாக, ஆனால் ஒரு எழுத்தும் பிசகாமல்.

அன்றைக்கு வந்தது கண் டாக்டரின் குரல் என்று பிற்பாடு மாமாவே சொன்னார். பேர் சொல்லவில்லை, நம்பர்தான். வயது, வேலை, இருட்டில் முட்டிக்கொள்வது, மேசையோரத்து டம்ளர் வரைக்கும் எல்லாம் மாமாவுடையது. ஓரங்கள் போய்விட்டன, நடுவில் மிச்சமிருப்பதும் சீக்கிரம் மூடிவிடும், செய்வதற்கு ஒன்றுமில்லை. "பாக்கலாம்" என்ற வார்த்தை அந்தப் பதிவில் எங்குமே இல்லை. தன்னுடைய தீர்ப்பைத் தானே அடித்து, டாக்டர் ஒரு இடத்தில் வலது கண்ணையும் இடது கண்ணையும் மாற்றிச் சொல்லியிருந்ததைத் திருத்தி, மாமா அனுப்பிவைத்தார்.

"என்ன மாமா, அப்படியே உக்காந்துட்டே?"

"ஒண்ணுமில்ல. நாற்காலியிலேர்ந்து நூலை எடு. விழுந்து தொலைக்கப்போறேன்."

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக மாறியது. மாமா கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தான் போடப் பழகினார். லேப்டாப்பில் படித்துச் சொல்லும் குரல் ஒன்றைப் போட்டார். நான் சும்மா இருப்பேனா? ஒயர் இல்லாத கீபோர்டு ஒன்று வாங்கி, அதன் நகத்தளவு ரிசீவரை லேப்டாப்பின் பின்பக்க ஓட்டையில் செருகிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அடித்தேன்: "மாமா, நான் உன் லேப்டாப் பேசுகிறேன். எனக்குப் பசிக்கிறது."

உள்ளேயிருந்து அலட்டாமல் பதில் வந்தது. "காலையிலதானே சார்ஜ் போட்டேன், பெருந்தீனி."

சிரிப்பு அந்த மாதத்தோடு சரி. ஒருநாள் மாமா மாடிப்படியில் உருண்டார். நெற்றியில் தையல். அன்றே அம்மா கீழே பின்கட்டு அறையைக் காலி செய்தாள். சாமான் போட்டு வைக்கிற அறை அது, ஜன்னல் கிடையாது. அதில் ஒரு கட்டிலைப் போட்டு, சுருக்கமில்லாமல் விரிப்பை இழுத்து நாலு பக்கமும் செருகிவைத்தாள். அந்தக் கட்டில் காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளுக்காகத் தயார் செய்து வைத்த படுக்கைதான் எனக்கு ஞாபகம் வரும்.

"கீழ வந்துடு தம்பி. வேலையும் போதும். நான் திரைச்சீலை தைக்கிறதுல ரெண்டு வயிறு சாப்பிடுது, மூணாவது வயிறும் சாப்பிடட்டும்."

"அந்த ரூமுக்குள்ள போனா நான் வெளிய வரமாட்டேன்க்கா."

"என்னடா பேச்சு இது?"

"உண்மையைத்தான் சொல்றேன். இங்க படி தெரியும், மேசை தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம்னு காத்து சொல்லும். இதெல்லாம் என்னோடது. அங்க நான் நீங்க வெச்ச சாமான்."

அம்மா அழுதாள். மாமாவும் அழுதார். கடைசியில் இரண்டு பேருமாக ஒரு பந்தயம் பேசி முடித்தார்கள். பழைய லேப்டாப்பில் இருந்த குரல் திக்க ஆரம்பித்திருந்தது, எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். புது லினக்ஸை மாமா தனியாக, யாரும் தொடாமல், திரையைப் பார்க்காமல் போட்டு முடித்து வேலைக்கு உட்கார்ந்துவிட்டால் மாடியிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் பின்கட்டு.

"இன்னும் கொஞ்சம் தெரியுதில்ல மாமா? பாத்தே போட்டுட்டுப் போயேன். அம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"முழுசா இருட்டறதுக்குள்ள இருட்டுல ஒரு தடவை நடந்து பாத்துடணும். அப்புறம் பயமா இருந்தாலும் வழி தெரியும்."

எனக்குத்தான் பயம். ஏனென்று சொல்கிறேன்.

மாமாவின் வேலை முழுக்க ஒரு வெளி டிஸ்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு டாக்டரின் பேச்சுக்கும் அவர் சேர்த்துவைத்த சுருக்கங்கள்: மென்றுகொண்டு பேசுகிறவர் முனகினால் அது எந்த மருந்து, கொட்டாவிக்காரர் விழுங்குவது எந்தச் சொல் என்று வருடக்கணக்காகக் கட்டியது. அது இல்லாவிட்டால் மாமாவும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் ஒன்று. நோயாளிகள் சமாசாரம் கலந்திருப்பதால் ஆபீஸ் கொடுத்த அந்த ஒரே டிஸ்க்கைத் தவிர வேறு எங்கும் நகல் வைக்கக் கூடாது. மாமா அதை மீற மாட்டார். புது லினக்ஸிலோ ஒரு கோளாறு இருந்தது. பழைய வேலையை அதற்குள் கொண்டுவர வேண்டுமானால், ஆரம்பிக்கும்போதே அந்த டிஸ்க்கும் செருகியிருக்க வேண்டும். பாதியில் செருகினால் கண்டுகொள்ளாது. அதாவது, ஒரு டிஸ்க்கை முழுக்கத் துடைக்கப்போகிற நேரத்தில் துடைக்கக் கூடாத டிஸ்க்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு.

அதனால்தான் அன்று காலை, படியையும் அறையையும் பெருக்குகிற சாக்கில் போய், என் ரிசீவரை மறுபடி லேப்டாப்பின் பின்னால் செருகினேன். விளையாட்டுக்கு இல்லை.

மத்தியானமே வானம் மூடிக்கொண்டது. தெருவிளக்கு குழம்பிப்போய் எரிய ஆரம்பித்தது. மாமா திரையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தினார், முகம் மூடுகிற மாதிரி. பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். படி இறங்குகிற மாதிரி தொம் தொம் என்று நாலைந்து மிதி மிதித்துவிட்டு, நான் மேல்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். மடியில் கீபோர்டு. கீழே அம்மாவின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கதவுக்கு உள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மாமா அதற்கு அம்மணி என்று பேர் வைத்திருக்கிறார். ஈரமே இல்லாத குரல். கிணற்றுக்குள்ளிருந்து செய்தி வாசிக்கிற மாதிரி, கண்டுபிடித்ததையெல்லாம் ஒப்பித்தது. "நினைவகம், சரி. ஒலி, சரி. விசைப்பலகைகள், இரண்டு. சுட்டி, ஒன்று. மின்கலம், பழுது." மின்கலம் என்றால் பேட்டரி. அது செத்து வெகுநாள் ஆகிறது. கரண்ட் போனால் எல்லாம் பாதியில் அணைந்துவிடும். படிக்கட்டு பல்பைப் பார்த்தேன். அது ஒரு தடவை மங்கி மறுபடி எரிந்தது.

"எச்சரிக்கை. இது ஆரம்ப நிலைப் பதிப்பு. உங்கள் தரவுகள் அழியக்கூடும். தொடரவா?"

டக்.

மொழி, நேரம், பெயர். மாமாவின் விரல் எங்கேயும் தயங்கவில்லை. பிறகு அம்மணி சொன்னாள்: "நிறுவ வேண்டிய வட்டைத் தேர்ந்தெடுக்கவும். வட்டு ஒன்று, ஐந்நூறு. வட்டு இரண்டு, ஐந்நூறு."

அவ்வளவுதான். வட்டு என்றால் டிஸ்க். எது உள்ளே இருப்பது, எது வெளியே செருகியது என்று சொல்லவில்லை. செய்தவர்கள் அதை இன்னும் எழுதவில்லை.

நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் உள்ளே இருப்பதுதான் ஒன்று, செருகினது இரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே ஏதேதோ தட்டும் சத்தம். "வட்டைச் சோதிக்கிறது" என்றாள் அம்மணி. நீளமாக ஒரு அமைதி. மறுபடி சோதிக்கிறது, மறுபடி அமைதி. பிறகு, சாவகாசமாக: "வட்டு இரண்டு."

ஐயோ மாமா, அது இல்லை. அதற்குள் உன் அத்தனை வருடமும் இருக்கிறது. கத்தினால் பந்தயம் போச்சு. கத்தாவிட்டால் வேலை போச்சு. என் விரல் தானாக மேல் அம்புக்குறியை அமுக்கியது.

"வட்டு ஒன்று."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாற்காலிகூட அசையவில்லை. அதே நேரம் பார்த்துக் கீழே தையல் மிஷினும் நின்றது. அம்மா நூல் மாற்றுகிறாளா, காதைக் கொடுக்கிறாளா தெரியவில்லை. வீடே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

டக். "வட்டு இரண்டு."

டக். "வட்டு இரண்டில் உள்ள அனைத்தும் அழியும். திரும்பப் பெற முடியாது. உறுதியா?"

என் விரல் எஸ்கேப் மேல் இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் எல்லாம் ரத்து. ஆனால் கைபடாமல் லேப்டாப் தானே பின்வாங்கினால் மாமா என்ன நினைப்பார்? தன் கைக்கு ஒன்றும் அடங்கவில்லை என்றுதான் நினைப்பார். எழுந்து, துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கீழே அந்தக் கட்டிலுக்கு நடந்து போய்விடுவார். அதை நான் செய்ய முடியாது. விரல் அப்படியே நின்றது.

டக்.

"வட்டு இரண்டு, அழிக்கப்படுகிறது."

அதற்குப் பிறகு அம்மணி சொன்ன ஒவ்வொன்றும் மூடியில் ஆணி அறைகிற மாதிரி இருந்தது. பத்து விழுக்காடு. மென்றுகொண்டு பேசுகிற டாக்டர் போனார். இருபது. கொட்டாவிக்காரர் போனார். குழாய்த் தண்ணீர் டாக்டர் போனார். மாமா உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவருக்கு இன்னும் தெரியவில்லை என்று எனக்கு நெஞ்சு வெடித்தது. மாடிப்படியில் ஒரே தூசி, கண்ணெல்லாம் எரிந்தது.

முடிந்தது. லேப்டாப் அணைந்து எழுந்தது. "வணக்கம்" என்றாள் அம்மணி, யாரோ செத்த வீட்டில் சொல்கிற மாதிரி. பிறகு: "பழைய கோப்புகள் கிடைத்தன. கொண்டுவரவா?"

நான் படியில் சாய்ந்துவிட்டேன்.

கிடைத்தன! சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து கொட்டாவிக்காரரின் குரல் வந்தது, பாதியில் வாயைப் பிளந்தது, மாமாவின் விரல்கள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன. கீழே தையல் மிஷினும் ஓட ஆரம்பித்தது.

மாலையில் அம்மா மேலே வந்து, துண்டை எடுத்துப் பார்த்து, மறுபடி போர்த்தினாள். "எந்த டிஸ்க்குனு எப்பிடிடா தெரிஞ்சுது?" என்றாள்.

"இடது கையை லேப்டாப் மேல வெச்சேன், வலது கையை வெளி டிஸ்க் மேல வெச்சேன். ஒண்ணைச் சோதின்னு சொன்னேன். வலது கைக்கு அடியில கறகறன்னுச்சு. இரண்டைச் சோதின்னேன். இடது கையில கறகறன்னுச்சு. முதல்லயே செருகி வெச்சதால இந்த மிஷினுக்கு வெளிய இருக்கறதுதான் ஒண்ணு, உள்ள இருக்கறது ரெண்டு."

அதாவது, நான் மேல் அம்புக்குறியை அமுக்கி மாமாவைக் காப்பாற்றினேனே, அந்த இடத்தில் அவர் நம்பி ஒரு டக் போட்டிருந்தால், அத்தனை வருடத்தையும் அழித்த புண்ணியம் எனக்கு வந்திருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் விரல் நுனி ஜில்லென்று ஆகிறது.

அம்மா பின்கட்டுக் கட்டிலில் தைத்த திரைச்சீலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். கட்டிலை வெளியே எடுக்கவில்லை. விரிப்பையும் எடுக்கவில்லை. மாமாவின் கண் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நேற்று என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே "வாலு எங்க போனா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் உடனே பின்னால் ஓடிப்போய் அங்கிருந்து "இங்க" என்றேன். இருட்டு எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாமா அதற்குள் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டார்.

இதையெல்லாம் மாமாவின் லேப்டாப்பிலேயே அடிக்கிறேன். ஹெட்போனைச் செருகிவிட்டேன், அம்மணி என் காதுக்குள் மட்டும் படித்துக் காட்டுகிறாள். மாமா குளிக்கப் போயிருக்கிறார். நான் மாடிப்படியில் இருந்ததும் அந்த அம்புக்குறியும் மாமாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. யாரும் தொடாமல் போட்டேன் என்ற சந்தோஷத்தில் அவர் இருக்கட்டும். இந்தப் பகுதியை அழித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். அறைக்குள் அம்மணியின் குரல் இன்னும் கேட்டது. "அழித்துவிட்டுத்தான் அனுப்புவேன். முற்றுப்புள்ளி." ஸ்பீக்கரிலிருந்து.

கதவோரம் மாமா தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார்.

"ஹெட்போன் செருகினாலும் வெளியவும் பேசும். கோளாறுன்னு போன வாரமே எழுதிப் போட்டேன். இன்னும் சரி பண்ணலை."

"எவ்வளவு நேரமா நிக்கறே?"

"நிலாவுக்குப் போனவங்க கூரையில ஒட்டிக்கிட்டாங்களே, அப்பலேர்ந்து."

"மாமா, அந்த அம்புக்குறி..."

"கீபோர்டு ரெண்டுன்னு அம்மணி ஆரம்பத்துலயே சொல்லிட்டாளே. ரெண்டாவது யாரோடதுன்னு ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏன் பிடுங்கிப் போடலை? பந்தயம் கெட்டுப்போயிருக்குமே!"

"நீ தொட்டது எனக்கு எதிரா. அதைச் சேத்தா எனக்கு ரெண்டு மார்க்கு அதிகமாத்தான் விழும்." நாற்காலி முதுகைத் தடவிக் கண்டுபிடித்துத் துண்டைப் போட்டார். "ஒண்ணையும் அழிக்காதே. அப்படியே அனுப்பு. ஒரே ஒரு இடம் மட்டும் திருத்து."

"எந்த இடம்?"

"மாடிப்படியில தூசின்னு போட்டிருக்கியே, அது. அன்னைக்குக் காலையிலதான் நீ படியைப் பெருக்கினே. மூக்கை உறிஞ்சினது கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுது."